ராஜபாளையம் குட்டி ஆளைக் கடிக்கிறது, எப்படி நிறுத்துவது?

தென்காசி அம்மா:
எங்கள் வீட்டுக்கு வந்த ராஜபாளையம் குட்டிக்கு இப்போது பத்து வாரம். பகலெல்லாம் சமர்த்தாக இருக்கிறது, சாயங்காலம் ஆனால் போதும், நைட்டி ஓரம், வேட்டி நுனி, பையனின் கணுக்கால் என்று எதையும் விடாமல் பிடித்துத் தொங்குகிறது. பையனுக்கு ஆறு வயது, அவன் கத்திக்கொண்டு ஓடினால் இன்னும் வேகமாகத் துரத்துகிறது. மாமனார் மூக்கில் ஒன்று போடச் சொல்கிறார், எனக்கு மனசு வரவில்லை. நேற்று பையன் காலில் பல் பட்டு லேசாக ரத்தம் வந்தது, மஞ்சள் வைத்திருக்கிறேன். குட்டிதானே, இதற்கெல்லாம் ஊசி போட வேண்டுமா?

செவிலி அக்கா:
பழக்குவதெல்லாம் அப்புறம், முதலில் பையன் காலைப் பாருங்கள். மஞ்சளைக் கழுவிவிட்டு, குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, இன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ கூட்டிப் போங்கள், ஊசி இலவசம்தான். குட்டிக்கும் வெறிநோய் வரும், அதற்கான தடுப்பூசியே மூன்று மாதத்தில்தான் போடுவார்கள், உங்கள் குட்டிக்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை. ரத்தம் வந்த காயம் என்பதால் காயத்தைச் சுற்றிப் போடும் சீரமும் வேண்டுமா என்று கேளுங்கள். அதன் பிறகு 3, 7, 28-ஆம் நாள் என்று அவர்கள் சொல்லும் தேதியில் ஒன்றைக்கூட விடாதீர்கள். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதையும் காயத்தில் வைக்க விடாதீர்கள்.

வெள்ளைக்குட்டி:
அக்கா சொன்னதை முதலில் செய்துவிடுங்கள். இனி குட்டி விஷயம். இந்த வயதில் கடிப்பது கோபத்தில் இல்லை, அதற்கு வாய்தான் கை. கூடப் பிறந்த குட்டிகளோடு விளையாடும்போது பலமாகக் கடித்தால் கடிபட்ட குட்டி கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும், எவ்வளவு அழுத்தலாம் என்பதைக் கடித்த குட்டி அப்படித்தான் கற்றுக்கொள்ளும். இனி அந்த வேலை உங்களுடையது. பல் பட்டதும் கையை இழுக்காதீர்கள், இழுத்தால் அது விளையாட்டு என்று நினைக்கும். அசையாமல் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அரை நிமிடம் அந்த இடத்தை விட்டுப் போய்விடுங்கள். திரும்பி வந்ததும் கடிக்க வேறு ஏதாவது கொடுங்கள், பழைய துண்டை முடிச்சுப் போட்டு நனைத்து ஃப்ரீசரில் வைத்தால் முளைக்கிற பல்லுக்கு இதமாக இருக்கும், ஆனால் நூல் பிரிய ஆரம்பித்தால் எடுத்துவிட வேண்டும்.

சாயங்காலம் ஆடுகிற ஆட்டம் பெரும்பாலும் தூக்கம் போதாததால்தான். இந்த வயதில் 18 மணி நேரத்துக்கு மேல் தூங்க வேண்டும், வீட்டில் ஆள் நடமாட்டம் இருந்தால் தூங்காது. ஐந்து மணிக்கே ஒதுக்குப்புறமாக ஒரு இடத்தில் படுக்க வையுங்கள், வித்தியாசம் தெரியும். பையனுக்கும் ஒன்று சொல்லிக்கொடுங்கள்: குட்டி வந்தால் ஓடாமல், கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ராஜபாளையம் வேட்டை நாய், ஓடுவதைத் துரத்துவது அதன் ரத்தத்திலேயே இருக்கிறது. பெரியவர்கள் கூட இல்லாமல் இரண்டையும் தனியாக விடவே கூடாது.

மூக்கில் அடிக்கவே வேண்டாம், மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அடிபட்ட குட்டி கையைக் கண்டாலே மிரளும். உறுமினாலும் அதட்டாதீர்கள், உறுமல்தான் எச்சரிக்கை, அதை அடக்கிவிட்டால் பிறகு சத்தமே இல்லாமல் கடிக்கும்.

இன்னொன்று, ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் நிறைய உண்டு. அது வேறு பக்கம் பார்க்கும்போது, பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள்.

தென்காசி அம்மா:
ஊசி போட்டாகிவிட்டது, சீரமும் போட்டார்கள், ரொம்ப நன்றி அக்கா. சாவிச் சத்தத்துக்கு உடனே திரும்பியது, காது நன்றாகக் கேட்கிறது. ஆனால் என் வீட்டுக்காரர் அதன் வாயில் கையை விட்டு மல்லுக்கட்டி விளையாடுகிறார், அது அவருக்கு ஆசை. என்ன செய்வது?

வெள்ளைக்குட்டி:
அதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள், ஒருவர் விட்டுக்கொடுத்தாலும் மற்றவர்கள் படுகிற பாடு வீண். மல்லுக்கட்ட ஆசை என்றால் நீளமான கயிறோ துணியோ வைத்து இழுக்கட்டும், கையில் பல் பட்ட நொடியே கயிற்றைக் கீழே போட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும். நான்காவது மாதத்தில் பால்பல் விழ ஆரம்பித்து, ஆறு ஏழு மாதத்தில் 42 பல்லும் வந்துவிடும், அதுவரை கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருக்கும். ஆனால் சாப்பாட்டுத் தட்டுப் பக்கம் போனால் உடம்பை விறைத்துக்கொண்டு முறைக்கிறது என்றால் அது விளையாட்டுக் கடி இல்லை, வெறிநோய்த் தடுப்பூசிக்குப் போகும்போது கால்நடை மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.