இங்கிலாந்தின் பிரபுகுலத் தாய்மார்கள் பற்றி அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிரபுகுலத் தாய்மார்களுக்கும் மகன்களுக்கும் இருந்த உறவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிவருகிறேன்.

1457 ஜனவரியில் பெம்புரோக் கோட்டையில் ஹென்றி டியூடரைப் பெற்றெடுத்தபோது மார்கரெட் போஃபோர்ட்டுக்கு வயது 13தான். கணவர் எட்மண்ட் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். மன்னரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றிருந்த பிரபு இறந்தால், வயதுவராத வாரிசின் காப்புரிமை (wardship: வாரிசையும் அவனது நிலத்தையும் தன் பொறுப்பில் வைத்திருக்கும் உரிமை) தாய்க்கன்றி மன்னருக்கே சென்றது; மன்னர் அதை விற்கவும் செய்தார். அப்படி ஹென்றியின் காப்புரிமையை வில்லியம் ஹெர்பர்ட் ஆயிரம் பவுண்டுக்கு வாங்கியதால், தாய் உயிரோடிருந்தும் பிள்ளை ராக்லன் கோட்டையில் பிறர் பொறுப்பில் வளர்ந்தான் என்பதைப் படித்தபோது மனம் கனத்துப்போனது. 1471இல் கடல்கடந்து தப்பியவன், 1485இல்தான் பாஸ்வர்த் போரில் வென்று மன்னனாக நிலைபெற்றான். அதற்கு முன், 1483இல், வெஸ்ட்மின்ஸ்டரில் அடைக்கலம் புகுந்திருந்த, மறைந்த மன்னர் நான்காம் எட்வர்டின் மனைவி எலிசபெத் உட்வில்லுக்கும் மார்கரெட்டுக்கும் இடையே தூது சென்றவர் அவர்களுடைய மருத்துவர் லூயிஸ் கார்லியன்.

கணவனை இழந்த தாய்மார்கள் சிலர் சொந்த மகனின் காப்புரிமையைத் தாங்களே விலைகொடுத்து வாங்கியதுண்டு. அத்தகைய தாய்மார்களைப் பற்றியும், பிரிந்திருந்த மகன்களுக்கு அவர்கள் எழுதிய கடிதங்களைப் பற்றியும் படித்தவர்கள், எந்தக் குடும்பம், எந்த ஆண்டு என்ற விவரத்துடன் இங்கே தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.