35 டாலர் கம்ப்யூட்டராம்! சார்ஜர் எங்கே?

கோட்டையூரான்: "பிள்ளைக்கு கம்ப்யூட்டர் வாங்க 35 டாலர் போதும், ராஸ்பெரி பைங்கிற உள்ளங்கையளவு கம்ப்யூட்டர் போர்டு இருக்கு"ன்னு நேத்து இந்தக் குழுவுல ஒருத்தர் எழுதியிருந்தார். படிச்சதும் எரிச்சலா வந்துச்சு. 2012 பிப்ரவரியில வந்தப்ப 35 டாலர்னு சொன்னது வெறும் போர்டுக்கு. சார்ஜர் கிடையாது, மெமரி கார்டு கிடையாது, கீபோர்டு கிடையாது. என் பேரன் பெட்டியப் பிரிச்சு, போர்டை உள்ளங்கையில வச்சுக்கிட்டு, "ஐயா, இதை எதுல சொருகுறது?"ன்னு நின்னான்.

தேவகோட்டைக்காரன்: அந்த ஒருத்தர் நான்தான். அண்ணே, போன் சார்ஜர் இல்லாத வீடு நம்ம பக்கம் இருக்கா? வீட்டு டிவியில சொருகுனா ஓடும். 1982-ல வந்த ஸ்பெக்ட்ரம்ங்கிற வீட்டு கம்ப்யூட்டரும் டிவியில சொருகித்தான் ஓடுச்சு.

கோட்டையூரான்: ஸ்பெக்ட்ரத்துக்கு கீபோர்டு அதுமேலயே இருந்துச்சு. பவர் சப்ளை கூடவே வந்துச்சு. பின்னாடி வந்த பை 4 போர்டை சாதா போன் சார்ஜர்ல போட்டுப் பாருங்க, பவர் பத்தலைன்னு திரை ஓரத்துல மின்னல் குறி வரும். அதுக்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேணும். சார்ஜர் எங்கே?

பள்ளத்தூர் டீச்சர்: பையை விடுங்க. என் ஆறாம் வகுப்புல மைக்ரோபிட்ங்கிற குட்டி போர்டுதான். 25 குட்டி விளக்கு, ரெண்டு பொத்தான், ரெண்டு பேட்டரி. குலுக்குனா எண் விழுற மாதிரி ஒரு பொண்ணு புரோகிராம் எழுதுனா. அன்னைக்கு வகுப்பே தாயம் ஆடுச்சு.

கோட்டையூரான்: எழுதுனது எதுல, டீச்சர்? அந்த கம்ப்யூட்டர் விலை யார் கணக்குல? வரவை மட்டும் எழுதிட்டு பற்றை விட்ட பேரேட்டை செட்டிநாட்டுல இப்பத்தான் பாக்குறேன்.

பள்ளத்தூர் டீச்சர்: போன்லயே எழுதலாம். பிள்ளைங்க கத்துக்குறதைப் பத்தி ஒரு வார்த்தை பேசுங்களேன்!

தேவகோட்டைக்காரன்: பேரேட்டைப் பத்தி அண்ணன் பேசக்கூடாது. 5 வோல்ட் சென்சாரை நேரா போர்டு ஓரத்துக் கம்பியில, அதான் பின்னுல, சொருகச் சொன்னது யாரு? பையோட பின் 3.3 வோல்ட்தான் தாங்கும். 5 வோல்ட் ஏறி என் போர்டு போச்சு. அந்தப் பற்றை எங்க எழுதுனீங்க?

கோட்டையூரான்: நான் சொன்னது ஆர்டுயினோ ஊனோங்கிற வேற போர்டுக்கு. அது 5 வோல்ட் போர்டு. பாதி படிச்சுட்டு சொருகுனா நான் பொறுப்பா?

காரைக்குடி மாணவன்: 2020-ல கீபோர்டுக்குள்ளயே வச்சு பை 400 வந்துச்சே. அப்ப 70 டாலர்.

கோட்டையூரான்: 35 எங்க, 70 எங்க தம்பி? அந்த 70-லயும் சார்ஜர் சேராது.

தேவகோட்டைக்காரன்: பிகோங்கிற குட்டி பை போர்டு 2021-ல வந்தப்ப 4 டாலர்தான்.

கோட்டையூரான்: அதுல டிவி சொருக சாக்கெட்டே இல்ல. வீட்டு டிவின்னு சொன்னது நீங்கதானே? 35-னு எழுதுனதைத் திருத்துங்க.

தேவகோட்டைக்காரன்: திருத்த மாட்டேன். முதல்ல என் போர்டுக்குப் பதில் சொல்லுங்க.

கோட்டையூரான்: சார்ஜர் எங்கே?