டாக்பேக்கோடு ஏஐ உதவியாளர் விட்ஜெட்: எப்படி வைத்தால் ஒழுங்காக வேலை செய்யும்?

கேள்வி: சுங்கைசிப்புட்_செவி

வணக்கம். எனக்கு முழுப் பார்வையின்மை. ஆண்ட்ராய்டு 15, டாக்பேக் (திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் வசதி), கூகுளின் தமிழ்க் குரல். முகப்புத் திரையில் ஒரு ஏஐ உதவியாளரின் நீள விட்ஜெட்டை, அதாவது பல பொத்தான்கள் உள்ள பெட்டியை, போட்டிருக்கிறேன்.

ஐகான்களை ஒவ்வொன்றாக வருடிப் போகும்போது அந்த விட்ஜெட்டுக்குள்ளேயே நாலைந்து இடத்தில் நிற்கிறது. அதில் இரண்டு ‘பெயரிடப்படாத பொத்தான்’. மைக் பொத்தானைத் தட்டினால் டாக்பேக் பேசுவதையே கேள்வியாக எடுத்துக்கொண்டு பதில் சொல்ல ஆரம்பிக்கிறது. நேரடி உரையாடலில் இரண்டு குரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி எதுவும் விளங்குவதில்லை. தோட்டத்துப் பக்கம் போனால் ‘கேட்கிறேன்’ என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிடும்.

எனக்கு வேண்டியது கிளினிக் மருந்து உறை, கரண்டு பில், மலாயில் வரும் கடிதம் இவற்றைப் படிப்பதுதான். பெரும்பாலும் தமிழில்தான் கேட்பேன். விட்ஜெட்டைச் சரிசெய்ய முடியுமா, இல்லை எடுத்துவிட்டு வேறு வழி பார்ப்பது நல்லதா?

பதில்: காப்பார்_தோட்டம்

அண்ணே, அந்த நீள விட்ஜெட்டை எடுத்துவிடுங்கள். பார்வையுள்ளவருக்கு அது குறுக்குவழி. நமக்கோ அதன் ஒவ்வொரு பொத்தானும் வருடலில் ஒரு நிறுத்தம். அதைத் தாண்டித்தான் அடுத்த ஐகானுக்குப் போக வேண்டும். ‘எதையும் கேளுங்கள்’ என்று எழுதியிருக்கும் பெட்டியும் உண்மையில் எழுதும் பெட்டி இல்லை, செயலியைத் திறக்கும் பொத்தான்தான். செயலி திறந்து விசைப்பலகை வந்த பிறகே எழுத முடியும்.

அதற்குப் பதில் குரலுக்கு மட்டும் ஒற்றை ஐகான் வையுங்கள். உதவியாளர் செயலியின் ஐகானில் இருமுறை தட்டி, இரண்டாம் தட்டில் விரலை எடுக்காமல் பிடித்திருங்கள். சின்ன மெனு திறக்கும். அதில் குரல், கேமரா மாதிரி தனித்தனித் தெரிவுகள் இருந்தால் குரலில் நின்று, மூன்று விரலால் ஒரு தட்டுத் தட்டி டாக்பேக் மெனுவைத் திறந்து ‘ஆக்‌ஷன்ஸ்’ போங்கள். கூகுளின் சொந்த முகப்பில் ‘முகப்புத் திரையில் சேர்’ என்று வரும். பிறகு அதே ஆக்‌ஷன்ஸில் ‘நகர்த்து’ கொடுத்தால் எந்த வரிசை, எந்த நெடுவரிசை என்று சொல்லிக்கொண்டே போகும். எல்லாத் தயாரிப்பாளர்களின் முகப்பிலும் இந்த ஆக்‌ஷன்கள் வராது. வராவிட்டால் பார்வையுள்ள ஒருவரிடம் கொடுத்து ஒரே தடவை இழுத்து வைக்கச் சொல்வதுதான் நேரான வழி. கொடுக்கும்போது இரண்டு ஒலி விசைகளையும் 3 விநாடி சேர்த்து அழுத்தினால் டாக்பேக் அணையும். திரும்ப அப்படியே அழுத்தினால் வந்துவிடும்.

வைக்கும் இடம் முக்கியம். திரையின் வலது விளிம்பு, கீழிருந்து இரண்டாம் வரிசை போல கை விரல் தானாகப் போய் நிற்கும் மூலையாக இருக்கட்டும். வருடிப் போகவே வேண்டாம். விரலை வைத்துப் பெயரைக் கேட்டு இருமுறை தட்டினால் போதும்.

பெயரில்லாப் பொத்தானுக்குக் காரணம் டாக்பேக் இல்லை. செயலியை எழுதியவர் அந்தப் பொத்தானுக்கு விவரம் எழுதாமல் விட்டிருக்கிறார். டாக்பேக் மெனுவில் ‘லேபிள் சேர்’ வந்தால் நாமே பெயர் வைக்கலாம். அதோடு செயலியின் கருத்துப் பகுதியில் எந்தத் திரை, எந்தப் பொத்தான் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். அவர்களுக்கு ஒரு வரி வேலை, நமக்கு அன்றாடத் தொல்லை. கேட்காமல் விடக் கூடாது.

பதில்: ரவாங்_ஒலி

ஐகானையும் தாண்டி ஒரு வழி, பவர் விசை. சாம்சுங்கில் அமைப்புகள், மேம்பட்ட அம்சங்கள், பக்க விசை, நீண்ட அழுத்தத்துக்கு டிஜிட்டல் உதவியாளர். பிக்சலில் அமைப்புகள், சிஸ்டம், சைகைகள். எந்தத் திரையில் இருந்தாலும் விசை இருக்கும் இடம் மாறாது.

இனி இரண்டு குரல் மோதுவது. மைக் திறக்கிற அதே நேரத்தில் டாக்பேக் புதிய திரையின் தலைப்பையும் பொத்தானின் பெயரையும் சொல்லத் தொடங்கும். ஸ்பீக்கரிலிருந்து வரும் அந்தச் சத்தம் மைக்குக்குள் போகிறது. உதவியாளருக்கு அதுவும் மனிதக் குரல்தான். உடனடித் தீர்வு, இரண்டு விரலால் ஒரு தட்டு. டாக்பேக் அந்த இடத்திலேயே வாயை மூடும். பிறகு பேசுங்கள். டாக்பேக் அமைப்புகளில் பேச்சு விவர அளவைக் குறைவு என்று வைத்தால் சொல்வதே சுருங்கும்.

முழுத் தீர்வு ஹெட்போன்தான். அதிலும் வயர் உள்ளது. புளூடூத்தில் மைக் திறந்ததும் பாட்டு கேட்கும் முறையிலிருந்து அழைப்பு முறைக்கு மாறும். அந்த மாற்றத்தில் உங்கள் முதல் ஒன்றிரண்டு சொற்கள் விழுந்துவிடும், டாக்பேக்கின் ஒலியும் மங்கும். புளூடூத்தான் கையில் இருக்கிறதென்றால் மைக் திறந்த ஒலி கேட்டு ஒரு விநாடி விட்டுப் பேசுங்கள். சாலையோரம் நடக்கிறவர்கள் காதை அடைக்காத, எலும்பு வழி ஒலி கடத்தும் வகையைப் பாருங்கள். லாரிச் சத்தம் காதில் விழ வேண்டும்.

நேரடி உரையாடலில் இன்னொன்று: டாக்பேக் ஒரு சொல் சொன்னாலும் நீங்கள் குறுக்கே பேசுவதாக நினைத்து உதவியாளர் பாதியில் நிறுத்திவிடும். எழுத்து வடிவம் திரையில் ஓடும் வசதி இருந்தால் அணையுங்கள். உரையாடல் தொடங்கியதும் திரையைத் தொடாதீர்கள். கூகுளின் நேரடி உரையாடலான ஜெமினி லைவ், திரை பூட்டியிருக்கும்போதும் தொடரும். சாட்ஜிபிடியின் குரலிலும் பின்னணி உரையாடல் என்ற அமைப்பு உண்டு. பவர் விசையைச் சும்மா ஒரு முறை அழுத்தித் திரையை அணைத்தால் டாக்பேக்குக்குப் படிக்க எதுவும் இல்லை, உதவியாளர் மட்டும் பேசும்.

எழுத்தில் பதில் வாங்கினால் அது துண்டு துண்டாக வரும். வருகிற நேரத்தில் வருடினால் இடம் குழம்பும். உதவியாளரின் நிரந்தரக் குறிப்புகளில் இதை ஒரு தடவை எழுதி வையுங்கள்: ‘நான் திரைவாசிப்பான் பயன்படுத்துகிறேன். அட்டவணை, எமோஜி, நட்சத்திரக் குறி வேண்டாம். சின்ன வாக்கியங்களில் சொல்.’ வித்தியாசம் உடனே தெரியும்.

பதில்: லூனாஸ்_வாசிப்பு

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்து: ஐபோனின் திரைவாசிப்பான் வாய்ஸ்ஓவரில் முகப்பு ஐகான் ஒன்றில் நின்று, ரோட்டரை (இரண்டு விரலைத் திருகி மாற்றும் தெரிவுச் சக்கரம்) ஆக்‌ஷன்ஸில் வைத்து, ஒற்றை விரலால் மேலோ கீழோ தள்ளினால் திருத்தும் முறை வரும். திரையின் மேல் பக்கம் ‘திருத்து’, அதில் விட்ஜெட் சேர். ஆனால் ஐபோன் 8 முதல் உள்ள ‘பின்தட்டு’, அதாவது கைப்பேசியின் முதுகில் தட்டுவது, இதைவிட வசதி. அமைப்புகள், அணுகல்தன்மை, தொடுதல், கடைசியில் பின்தட்டு. மூன்று தட்டுக்கு உதவியாளரின் ஷார்ட்கட்டைக் கொடுங்கள். இரண்டு தட்டு வேண்டாம், பையில் போடும்போதே திறந்துகொள்ளும். பெயரில்லாப் பொத்தானில் இரண்டு விரலால் இருமுறை தட்டிப் பிடித்தால் நாமே பெயர் சூட்டலாம்.

பதில்: தெலுக்இந்தான்_அக்கா

தம்பி, தோட்டத்துப் பக்கம் நின்றுபோவது விட்ஜெட்டின் கோளாறு இல்லை. மலேசியாவில் 2021 இறுதியோடு 3ஜி நிறுத்தப்பட்டது. செம்பனைத் தோட்டத்துக்குள் 4ஜி விட்டுப்போனால் கைப்பேசி 2ஜிக்குத்தான் இறங்கும். பேசலாம், குறுஞ்செய்தி போகும். ஏஐக்குக் குரலோ படமோ அனுப்ப அது போதாது. அங்கே படிக்க வேண்டியிருந்தால் கூகுளின் லுக்அவுட் செயலியில் உரை முறையை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். எழுத்தைக் கைப்பேசியிலேயே படிக்கும்.

மருந்து உறை விஷயத்தில் மட்டும் ரொம்பக் கவனம் வேண்டும். அரசாங்கக் கிளினிக் உறையில் ‘1 பிஜி, 3 காலி செஹாரி’ என்று இருக்கும்: ஒரு மாத்திரை, நாளுக்கு மூன்று முறை. ‘செலெபாஸ் மாக்கான்’ என்றால் சாப்பிட்ட பிறகு. ‘இது என்ன மருந்து, எப்படிச் சாப்பிடுவது’ என்று கேட்டால் ஏஐ உறையில் இல்லாததையும் பொதுவாகத் தெரிந்ததிலிருந்து சேர்த்துச் சொல்லும், அதுவும் தயங்காமல் சொல்லும். ஆகவே முதலில் ‘உறையில் உள்ள எழுத்தை மலாயிலேயே அப்படியே படி, தெளிவில்லாத இடத்தில் தெளிவில்லை என்று சொல்’. அடுத்துத்தான் மொழிபெயர்ப்பு. பிறகு லுக்அவுட்டிலும் ஒரு முறை படியுங்கள். எண் ஒத்துப்போகவில்லை என்றால் மருந்துக் கூடத்துக்குப் போன் செய்யாமல் மாத்திரையைத் தொடாதீர்கள்.

படம் எடுக்க: உறையை மேசையில் பரப்பி, கைப்பேசியை அதன் நடுவில் படுக்க வைத்து, அப்படியே நேராக ஒரு சாண் உயரம் தூக்குங்கள். விளக்கு எரிய வேண்டும். நமக்குத் தேவையில்லை என்று அணைத்தே வைத்திருப்போம், கேமராவுக்குத் தேவை. பளபளக்கும் பிளாஸ்டிக் உறையில் ஃபிளாஷ் போட்டால் எழுத்து வெளுத்துப்போகும். பில்லில் பழைய பாக்கி, நடப்புக் கட்டணம், மொத்தம் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். ‘எவ்வளவு கட்ட வேண்டும்’ என்று மட்டும் கேட்டால் எந்த வரியை எடுத்தது என்று தெரியாது.

தமிழ்க் குரல் மலாயை ஆங்கிலம் மாதிரி வாசிப்பதுதான் இன்னொரு தொல்லை. கூகுள் குரல்களில் மலாயும் இருக்கிறது, இறக்குங்கள். மூன்று விரலால் மேலோ கீழோ தள்ளி வாசிப்புக் கட்டுப்பாட்டில் மொழியைத் தேர்ந்து, ஒற்றை விரலால் மாற்றிக்கொள்ளலாம். கேள்வி கேட்க, குரல் தட்டச்சில் தமிழ் (மலேசியா) என்றே தனியாக உண்டு.

சுங்கைசிப்புட்_செவி

எல்லாருக்கும் நன்றி. பவர் விசையை உதவியாளருக்குக் கொடுத்துவிட்டால் கைப்பேசியை எப்படி அணைப்பது? அப்புறம், தவறிக் கை பட்டு ஐகான் இடம் மாறினால்? என்னுடையது சாம்சுங்.

ரவாங்_ஒலி

பக்க விசையும் ஒலிக் குறைப்பு விசையும் சேர்த்து, அணைக்கும் மெனு வரும்வரை பிடித்திருங்கள். சட்டென்று அழுத்தி விட்டுவிட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடும், கவனம். இடம் மாறாமல் இருக்க, அமைப்புகள், முகப்புத் திரை, ‘முகப்பு அமைப்பைப் பூட்டு’. ஐகானை வைத்து முடித்த பிறகு பூட்டுங்கள். முதலிலேயே பூட்டினால் எதையும் சேர்க்க விடாது.