‘கேப்சூல் வார்ட்ரோப்’: வியாழனுக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். சித்தூர் தாலுகாவில் தமிழ்வழியில் படிக்கும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கான மனையியல் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. சொல்வது கேரளத்துச் சித்தூரை. ஒன்பதாம் பாடத்தில் ‘கேப்சூல் வார்ட்ரோப்’ நாற்பது இடத்தில் வருகிறது. வரைவில் ‘உறை அலமாரி’ என்று போட்டிருக்கிறார்கள். தலையணை உறை வைக்கிற அலமாரி என்றுதான் பிள்ளைகள் படிப்பார்கள்.

பாடம் சொல்வது இது. பீரோவில் இருப்பதை முழுக்கக் கட்டிலில் எடுத்துப் போட்டு மூன்றாகப் பிரிக்க வேண்டும்: போன மாதம் உடுத்தியது, அளவு சரியாக இருந்தும் உடுத்தாதது, அளவோ தையலோ விட்டுப்போனது. ஒவ்வொன்றும் வேறு மூன்றோடாவது சேருகிற மாதிரி முப்பது உருப்படி எடுத்துவைக்க வேண்டும். புதிதாக எதுவும் வாங்கக் கூடாது. இந்த முப்பதுக்குத்தான் பெயர் தேவை. வியாழன் மாலைக்குள் சொல்லுங்கள்.

செங்கோட்டையிலிருந்து:

சொல் கைவசம் இருக்கிறது. புறநானூறு 189: ‘உண்பது நாழி உடுப்பவை இரண்டே’. உலகை ஒரு குடையில் ஆளும் வேந்தனுக்கும், இரவு பகல் உறங்காமல் விலங்கைத் தேடித் திரியும் வேடனுக்கும் நக்கீரர் வைத்த ஒரே கணக்கு. ‘உடுப்பவை’ என்றே போடலாம். ‘என் உடுப்பவை முப்பது’ என்றால் அளவோடு வைத்துக்கொள்வது என்ற கருத்தும் சொல்லோடு கூடவே வந்துவிடும்.

‘உடை’ மட்டும் வேண்டாம். எதோடு சேர்த்தாலும் ‘உடைய’ என்று பொருள் மாறும். ‘அளவுடை’ என்று எழுதினால் அளவை உடைய எது என்று தேடுவார்கள்.

நகரியிலிருந்து:

ஐயா, அந்த இரண்டும் இடுப்புக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று. மாற்றிக் கட்ட மூன்றாவது இல்லை. நமக்குப் பெயர் வேண்டியது மாற்றிக் கட்டுவதற்கு.

துணியின் பெயர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். துணித்தது துணி. அறுத்தது அறுவை, மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று சங்கப் புலவர் ஒருவருக்கே பெயர். துண்டித்தது துண்டு, கூறுபட்டது கூறை. வெட்டியது வேட்டி என்பாரும் உண்டு. தறியில் கிடக்கும்வரை அது பாவும் ஊடையும்தான். அறுத்து இறக்கினால்தான் துணி. ஆக இத்தனை பெயரும் அறுத்த கையிலிருந்து பிறந்தவை. உடுத்துகிறவர் பக்கத்திலிருந்து வந்த பெயர் ‘மாற்று’. ‘ரெண்டு மாத்துத்துணி எடுத்துக்கோ’ என்று ஊருக்குக் கிளம்புகிற பிள்ளையிடம் சொல்லாத வீடு உண்டா? மலையாளத்தில் வண்ணாத்தி வெளுத்துக் கொண்டுவந்து கொடுக்கும் துணிக்கும் மாற்று என்றே பெயர். ‘மாற்றடுக்கு’ என்று முன்மொழிகிறேன். பீரோ பிரெஞ்சிலிருந்து வந்தது, அலமாரி போர்த்துகீசியத்திலிருந்து வந்தது. இரண்டும் இல்லாமலே வேலை நடக்கும்.

களியக்காவிளையிலிருந்து:

முப்பதை எடுத்துவைத்த பிறகு என்ன கெடுகிறது என்று பார்த்தால் பெயர் தானே வரும்.

புடவை கட்டப்படாமல் கிடப்பதற்கு முக்கால்வாசிக் காரணம் ரவிக்கை. பக்கத் தையலில் தையலுக்கு வேண்டியது போக ஓரத்துக்கு அரை அங்குலம் உள்ளே விட்டிருந்தால், இரண்டு பக்கமும் முன்னும் பின்னுமாக நான்கு ஓரம். பிரித்தால் சுற்றளவில் இரண்டு அங்குலம் கிடைக்கும். பிரித்ததும் பழைய தையல் தடத்தை ஒட்டி ஒரு பட்டை மட்டும் நிறம் கூடித் தெரியும். உள்ளே மடங்கி இருந்த துணியில் வெயில் பட்டதில்லை, அதனால் வெளுத்ததில்லை. ரவிக்கையில் அது கைக்கு அடியில் போய்விடும். சுடிதார் டாப்பில் இடுப்புக்குக் கீழேவரை தெரியும். அந்தத் தடத்தின் மேலேயே பைப்பிங் வைத்துத் தைக்க வேண்டும். ஃபால்ஸ் துணியை நனைத்துக் காயவைக்காமல் புடவையில் தைத்தால் முதல் சலவையிலேயே அது சுருங்கிக் கரையையும் இழுத்துக்கொள்ளும். அப்புறம் எத்தனை தேய்த்தாலும் கொசுவம் நேராக விழாது.

கணக்கும் ஏமாற்றும். ஐந்து டாப், மூன்று பேன்ட், மூன்று ஷால் என்றால் தாளில் 45 சேர்க்கை. பேன்ட்டில் ஒன்று பூப்போட்டது, இரண்டு டாப்போடுதான் சேரும் என்றால் 36. ஒன்பது போனது ஒரே உருப்படியால்.

அடுக்குவதில்தான் பெரிய தப்பு நடக்கிறது. துவைத்து மடித்ததை மேலே வைத்து மேலிருந்தே எடுத்தால் அந்த நான்கே திரும்பத் திரும்ப வந்து நைந்துபோகும். மடித்ததை அடுக்கின் அடியில் செருக வேண்டும். அப்போது உடுத்தாதது மேலே வந்து நிற்கும். இரண்டு மாதமாக மேலேயே நிற்கிறது என்றால் அளவா, நிறமா, சேர்த்து உடுத்த ஜோடி இல்லையா என்று எடுத்துப் பார்க்கலாம்.

துணி இப்படிச் சுற்றி வருவதற்கு எங்க பக்கம் ஒரே சொல்தான்: புழங்குதல். புழங்குற பாத்திரம், புழங்குற கிணறு, புழங்குற துணி. ‘புழங்குதுணி’ என்று வையுங்கள்.

கேப்சூலை எழுத்துக்கு எழுத்து பெயர்க்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1970களில் லண்டன் துணிக்கடையில் பரவிய சொல் அது. 1985இல் நியூயார்க்கில் ஆடை வடிவமைப்பாளர் டோனா கேரன் ஏழு உருப்படிகளை ஒரு தொகுப்பாக விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதாவது, வாங்கச் சொன்ன சொல். நம் பாடம் வாங்காமல் இருக்கச் சொல்கிறது. சிமிழ், பெட்டி, உறை என்று எதைப் போட்டாலும் கடையில் கிடைக்கும் செட்டு என்றே ஆகிவிடும்.

செங்கோட்டையிலிருந்து:

களியக்காவிளை டீச்சர் சொன்ன ‘புழங்குதுணி’ வினைத்தொகை. புழங்கிய துணி, புழங்குகின்ற துணி, புழங்கும் துணி என்று மூன்று காலமும் அதற்குள் இருக்கிறது. ஏற்கெனவே கையில் இருப்பது என்பதை இறந்தகாலம் சொல்கிறது, இனியும் உடுத்தப்போவது என்பதை எதிர்காலம் சொல்கிறது. ‘உடுப்பவை’யில் இறந்தகாலம் இல்லை. ஆகவே விட்டுக்கொடுக்கிறேன். நக்கீரர் வரி பாடத்தின் தொடக்கத்தில் இருக்கட்டும்.

நகரியிலிருந்து:

ஏற்க முடியவில்லை. எங்கள் பக்கம் புழங்குகிற துணி என்றால் வீட்டோடு கட்டிக் கசங்குவது. முகூர்த்தப் பட்டைப் புழங்குதுணி என்று எந்தப் பெரியவரும் சொல்லமாட்டார். ஆனால் அந்த ஜரிகைப் புடவையும் முப்பதில் ஒன்றுதானே? ஒரே மடிப்பில் வைத்தால் மடித்த கோட்டிலேயே ஜரிகை முறியும். ஆகவே இடையிடையே எடுத்து உதறி மடிப்பை மாற்ற வேண்டும். அந்துருண்டை ஜரிகையில் படவே கூடாது, கறுத்துவிடும். கட்டாத நாளிலும் கவனிப்பு வேண்டிய அதற்கும் இடம் தருகிற சொல் மாற்றடுக்குதான்.

களியக்காவிளையிலிருந்து:

அண்ணா, மாற்றுப் பாதை, மாற்றுச் சான்றிதழ் என்று பிள்ளைகள் அந்தச் சொல்லை வேறு பொருளில் பழகிவிட்டார்கள். மாற்றடுக்கு என்றால் இன்னொரு அடுக்கு என்றே எடுத்துக்கொள்வார்கள். பட்டும் வருஷத்துக்கு மூன்று தடவை கட்டினால் புழங்குவதுதான்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, வியாழன் இரவு:

தனிமடல்களையும் சேர்த்து: புழங்குதுணி 7, மாற்றடுக்கு 3, கேப்சூலையே தமிழெழுத்தில் விடச் சொன்னவர்கள் 2. இதற்கு மேல் காத்திருக்க நேரமில்லை, புழங்குதுணி போகிறது. விலையை உடுத்திய தடவையால் வகுப்பதற்கு நகரி அண்ணா அனுப்பிய ‘உடுத்துவிலை’யை மறுபேச்சின்றி எடுத்துக்கொண்டோம். 1,200 ரூபாய் டாப்பை 60 தடவை உடுத்தினால் உடுத்துவிலை 20. 400 ரூபாய் டாப்பை 4 தடவையோடு விட்டால் 100.

நகரியிலிருந்து:

உடுத்துவிலைக்கு நன்றி. மற்றதில் என் மறுப்பு அப்படியே நிற்கிறது. அடுத்த பதிப்பில் மீண்டும் எழுதுவேன்.

செங்கோட்டையிலிருந்து, வெள்ளி காலை:

மெய்ப்பு பார்த்தேன். பதினோரு இடத்தில் ‘புழங்குத்துணி’ என்று ஒற்று விழுந்திருக்கிறது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாய், சுடுசோறு போலத்தான். ஏழாம் பக்கத் தலைப்பிலும் இருக்கிறது. அச்சகத்துக்கு உடனே போன் செய்து எடுக்கச் சொல்லுங்கள்.