கிராபீன் ஓஎஸ் நிறுவிய கைப்பேசியில் வங்கிச் செயலியும் வாட்ஸ்அப்பும் ஒழுங்காக இயங்குமா?

கேள்வி: மஞ்சக்குப்பத்திலிருந்து

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் சிறு வணிகர்களுக்கு வருமான வரி, ஜிஎஸ்டி கணக்குகளை எழுதித் தரும் தொழில் செய்கிறேன். என் கைப்பேசியில் என்னுடைய விவரங்களைவிட, என்னை நம்பிப் பான் அட்டையையும் ஆதார் நகலையும் வங்கி அறிக்கையையும் அனுப்பி வைத்தவர்களுடைய விவரங்களே அதிகம். சென்ற ஆண்டு என் மைத்துனர் அவசரத் தேவைக்கு ஒரு கடன் செயலியில் பணம் வாங்கினார். தவணை நான்கு நாள் தள்ளிப்போனதும், அவருடைய தொடர்புப் பட்டியலில் இருந்தவர்களுக்கெல்லாம், அவர் மகளின் வகுப்பாசிரியைக்குக்கூட, அவரைத் திருடன் என்று தூற்றும் செய்திகள் போயின. கடனை அடைத்துவிட்டோம், அந்தப் பட்டியல் இப்போது யார் கையில் இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

அதன் பிறகு கூகுளின் பிக்சல் 8ஏ கைப்பேசி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். அதில் முன்பே இருக்கும் இயங்குதளத்துக்குப் பதிலாக, ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்டு தனியுரிமைக்கும் பாதுகாப்புக்கும் முதன்மை தந்து உருவாக்கப்பட்ட கிராபீன் ஓஎஸ் என்ற இயங்குதளத்தை நிறுவ எண்ணம். யுபிஐ, இரண்டு வங்கிகளின் செயலிகள், வாடிக்கையாளர்கள் ஆவணம் அனுப்பும் வாட்ஸ்அப், தமிழ்த் தட்டச்சு ஆகிய நான்கும் இல்லாமல் எனக்கு ஒரு நாள்கூட நகராது. உண்மையில் பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: புதுச்சேரி, லாஸ்பேட்டை

ஐயா, இரண்டு ஆண்டுகளாக இதே அமைப்பைத்தான் பயன்படுத்துகிறேன். கூகுளை முற்றிலும் துறந்தால்தான் இது பயன்படும் என்று பலர் நினைப்பது சரியல்ல. கிராபீன் ஓஎஸ் உடன் வரும் செயலிக் களஞ்சியத்திலிருந்தே, பல செயலிகள் பின்னணியில் சார்ந்திருக்கும் கூகுள் ப்ளே சேவைகளை நிறுவிக்கொள்ளலாம். ஆனால் மற்றக் கைப்பேசிகளில் அவை கேட்காமலே எல்லாவற்றையும் தொடும் உரிமையோடு உட்கார்ந்திருப்பதுபோல் இங்கே இருக்க முடியாது. நீங்கள் நிறுவும் சாதாரணச் செயலி எப்படி ஒவ்வோர் அனுமதியையும் கேட்டுத்தான் பெற வேண்டுமோ அப்படியே அவையும் பெற வேண்டும். 2021 முதல் இந்த வசதி இருக்கிறது. வாட்ஸ்அப் செய்திகள் தாமதமின்றி வருவதற்கு ப்ளே சேவைகள் தேவைப்படும். அவற்றுக்கு மட்டும் மின்கலச் சேமிப்புக் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள்.

உங்கள் மைத்துனருக்கு நேர்ந்ததைப் படித்ததும் முதலில் சொல்லத் தோன்றியது, தொடர்புகளுக்கான வரம்பு (கான்டாக்ட் ஸ்கோப்ஸ்) என்று இந்த இயங்குதளத்தில் உள்ள வசதியைப் பற்றித்தான். இதை இயக்கினால், தனக்கு அனுமதி கிடைத்துவிட்டதாகவே வாட்ஸ்அப் எண்ணிக்கொள்ளும், ஆனால் அதன் கண்ணுக்குப் பட்டியல் வெறுமையாகத் தெரியும். நீங்கள் தேர்ந்து சேர்க்கும் எண்களையோ ஒரு குழுவையோ மட்டும் அது காணும். வாடிக்கையாளர்களை ஒரு குழுவாக்கி அதை மட்டும் காட்டிவிட்டால் குடும்பத்தார் எண்கள் வெளியே போகா. கோப்புகளுக்கும் இதே போன்ற வரம்பு உண்டு. கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலும், கூகுள் தன் ப்ளே ஸ்டோர் விதிகளில் 2023இலும் தடுத்தன. எனினும் வெளி இணைப்பில் கிடைக்கும் செயலியை ஒருவர் நிறுவினால் எந்த விதி குறுக்கே நிற்கும்? அங்கே தடுக்க வேண்டியது கைப்பேசியே.

வங்கிச் செயலிகள்தாம் உண்மையான சிக்கல். பல வங்கிகள் ப்ளே இன்டெக்ரிட்டி என்ற கூகுள் சோதனையைக் கேட்கின்றன. கூகுளின் சான்று பெற்ற இயங்குதளமா என்பதையே அச்சோதனை பார்க்கிறது. கிராபீன் ஓஎஸ் அடிப்படை நிலையில் தேறும், அடுத்த நிலையில் தேறாது. பல ஆண்டுகளாகப் பாதுகாப்புப் புதுப்பிப்பே வராத பழைய கைப்பேசி, சான்று பெற்றது என்ற ஒரே காரணத்தால் அந்த இரண்டாம் நிலையில் தேறிவிடுகிறது என்பது எனக்கு இன்றும் மனத்தாங்கலான செய்தி. வங்கி விரும்பினால் ஆண்ட்ராய்டின் வன்பொருள் வழிச் சான்றை, அதாவது எந்த இயங்குதளம் ஓடுகிறது என்று கைப்பேசியின் சில்லே தரும் உறுதியை, சரிபார்த்து இந்த இயங்குதளத்தை ஏற்றுக்கொள்ள வழி இருக்கிறது. அதைச் செய்யத்தான் வங்கிகள் தயங்குகின்றன.

ஆகவே பழைய கைப்பேசியைக் கைவிடுவதற்கு முன் உங்கள் இரு வங்கிகளையும் சோதித்துப் பாருங்கள். நிறுவுவதற்காகத் திறந்த பூட்லோடரை (கைப்பேசி தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் நிரல்) நிறுவி முடித்ததும் திரும்பப் பூட்டுங்கள்; அமைப்புகளில் உள்ள டெவலப்பர் விருப்பங்களை அணைத்துவிடுங்கள், ஏனெனில் அவை இயக்கத்தில் இருந்தாலே சில செயலிகள் உள்ளே விடுவதில்லை. தொடங்கியதும் செயலி முடங்கி நின்றால், அந்தச் செயலிக்கு மட்டும், கூடுதல் பாதுகாப்புகள் சிலவற்றைத் தளர்த்தும் இணக்க முறையை இயக்கிப் பாருங்கள். யுபிஐ பதிவின்போது உங்கள் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி தானாகப் போக வேண்டும் என்பதால், யுபிஐ செயலியைக் கைப்பேசியின் முதன்மைப் பயனர் கணக்கிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

பதில் 2: புதுச்சேரி, பெரிய மார்க்கெட் அருகே

மேலே தம்பி எழுதியது அனைத்தும் சரியாக இருக்கலாம். நான் மளிகைக் கடை வைத்திருப்பவன். மாலை ஆறு மணிக்கு மேல் வரிசையில் எட்டுப் பேர் நிற்கும்போது, புதுப்பிப்பு வந்ததால் இன்று செயலி திறக்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. அப்படி ஒரு மாலை எனக்கு நேர்ந்தது. நேற்றுவரை இயங்கிய வங்கிச் செயலி, சாதனம் பாதுகாப்பற்றது என்று காட்டி மூடிக்கொண்டது. அதன் பிறகு பழைய கைப்பேசியில் வங்கிச் செயலியை மட்டும் வைத்துக் கல்லாவிலேயே பூட்டி வைக்கிறேன். கணக்கு எழுதுபவருக்கும் வரி கட்டும் கடைசி நாள் என்று ஒன்று உண்டல்லவா? ஆகையால் இரண்டாவது கைப்பேசி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து.

பதில் 3: லாஸ்பேட்டை (பதில் 1 எழுதியவர்)

அண்ணா, உங்கள் கடையின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. இரண்டாவது கைப்பேசி என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அது புதுப்பிப்பு நின்றுபோன பழைய கைப்பேசியாக இருக்கக்கூடாது. பணம் இருக்கும் இடத்தில் பூட்டுப் பழுதாக இருந்தால், மற்ற அறைகளை எவ்வளவு பத்திரப்படுத்தினாலும் பயன் இல்லை. பிக்சல் 8ஏக்கு ஏழு ஆண்டுகள், அதாவது 2031 வரை, புதுப்பிப்பு உண்டு. கடைக்கு விலை குறைந்த கைப்பேசியே போதும் என்றாலும், எத்தனை ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவார்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

பதில் 4: கடலூர், திருப்பாதிரிப்புலியூர்

தமிழ்த் தட்டச்சைப் பற்றி யாரும் சொல்லவில்லை. திறமூலச் செயலிகள் கிடைக்கும் எஃப்-டிராய்ட் களஞ்சியத்தில் இண்டிக் கீபோர்டு என்ற விசைப்பலகை கிடைக்கிறது. தமிழ்99 அமைப்பும் ஒலிபெயர்ப்பு முறையும் அதில் உள்ளன. கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டுக்குப் பழகிய கை என்றால் அதையே நிறுவி, அதற்கு இணைய அனுமதியை மட்டும் மறுத்துவிடுங்கள். தட்டச்சு செய்வது எதுவும் அதன் வழியாக நேரே வெளியே போகாது. செயலிக்கு இணையத்தையே மறுக்கும் இந்த ஒரு வசதிக்காக மட்டுமே நான் இந்த இயங்குதளத்தை வைத்துக்கொள்வேன்.

வரைபடத்துக்கு ஆர்கானிக் மேப்ஸ் என்ற செயலியைப் பயன்படுத்துகிறேன். நம் பகுதியின் வரைபடத்தையே முன்கூட்டி இறக்கி வைத்துக்கொள்ளலாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது எங்கள் பகுதியில் இணையம் இல்லை. மறுநாள் உறவினர் வீட்டுக்கு மாற்றுவழி தேட அதுதான் கைகொடுத்தது. கடைப் பெயர்களும் கதவிலக்கங்களும் அதில் குறைவு என்பது உண்மை. அந்தச் செயலி தரவை எடுக்கும், யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் எங்கள் தெருப் பெயரை நானே சேர்த்தேன்.

கேள்வி கேட்டவர்: மூன்று வாரம் கழித்து

அனைவருக்கும் நன்றி. நிறுவி முடித்துவிட்டேன், மடிக்கணினியின் உலாவி வழியாகவே அரை மணி நேரத்தில் முடிந்தது. ஒரு வங்கியின் செயலி தடையின்றித் திறந்தது. மற்றொன்று, டெவலப்பர் விருப்பங்களை அணைத்த பின்னும், இணக்க முறையை இயக்கிய பின்னும், திறக்க மறுக்கிறது. ஆனால் எந்த வங்கிக் கணக்கையும் எந்த யுபிஐ செயலியிலும் இணைக்கலாம் என்பதை இந்த முயற்சியில்தான் கவனித்தேன். திறக்காத வங்கியின் கணக்கை, டெபிட் அட்டையின் கடைசி ஆறு இலக்கங்களைத் தந்து, என்னிடம் இயங்கும் வேறொரு யுபிஐ செயலியில் இணைத்துவிட்டேன். பெரிய தொகைகளுக்கு அந்த வங்கியின் இணையதளத்தை உலாவியில் திறந்துகொள்கிறேன். மளிகைக் கடை அண்ணன் சொன்ன அச்சம் நியாயமானதுதான் என்பதால், ஜூலை மாதக் கணக்குத் தாக்கல் முடியும்வரை பழைய கைப்பேசியையும் வைத்திருப்பேன். அதற்குப் புதுப்பிப்பு இன்னும் வருகிறது, சோதித்துவிட்டேன்.

வாட்ஸ்அப்புக்கு இப்போது 62 வாடிக்கையாளர்களின் எண்கள் மட்டுமே தெரியும். மைத்துனரின் எண்ணும், அவர் மகளின் பள்ளி எண்ணும் அதில் இல்லை. வங்கிக் கிளைக்கு, வன்பொருள் வழிச் சான்றை ஏற்குமாறு ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வந்திருக்கிறேன். இதே போன்ற கடிதம் எழுத விரும்புகிறவர்கள் கேட்டால் என் கடிதத்தின் வாசகத்தை இங்கேயே பதிவிடுகிறேன்.