மரத்தண்டின் டேப்பர் சமன்பாடு: 'கூம்பு' வேண்டாம், 'சிறுத்தல்' என்போம்

வணக்கம். மரத்தண்டின் விட்டம் அடியிலிருந்து நுனிவரை எப்படிக் குறைகிறது என்று சொல்லும் சமன்பாட்டை ஆங்கிலத்தில் 'டேப்பர் (taper) சமன்பாடு' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் பேச்சில் ஒரு ஐயா இப்படி எழுதியிருந்தார்:

> மரம் மேலே போகப் போகக் கூம்பிக்கொண்டு போவதால் 'கூம்புச் சமன்பாடு' என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஐயா, இதை என்னால் ஏற்க முடியவில்லை. சொல் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் கணக்கோடு இடிக்கிறது. கூம்பு என்றால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒரே வடிவம்தான். மரத்தில் உச்சிப் பகுதி மட்டுமே ஏறக்குறைய அப்படி இருக்கும். நடுத்தண்டு, பரவளையத்தைச் சுழற்றினால் கிடைக்கும் திண்மத்துக்கு நெருக்கமானது. வேரை ஒட்டிய அடிப்பகுதியோ உள்வளைந்து சட்டென்று அகலும், அதை நீலாய்டு என்கிறார்கள். நுனியிலிருந்து கீழே இறங்க இறங்க விட்டம் அந்தத் தூரத்தின் எந்த அடுக்குக்கு (exponent) ஏற்பக் கூடுகிறது என்று பார்த்தால் பரவளையத் திண்மத்துக்கு 1/2, கூம்புக்கு 1, நீலாய்டுக்கு 3/2. அதே அடியும் உயரமும் உள்ள உருளையோடு ஒப்பிட்டால் கன அளவு முறையே பாதி, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று வரும். பெயரிலேயே கூம்பை வைத்தால், சமன்பாடு எதைக் கண்டுபிடிக்க வேண்டுமோ அதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறோம்.

1976இல் வனவியல் ஆய்வாளர்கள் மேக்ஸும் பர்க்கார்ட்டும் தண்டை மூன்று துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு இருபடிக் கோவை வைத்து, சேரும் இடத்தில் முறியாமல் ஒட்டினார்கள். 1988இல் கோசாக் என்ற இன்னொரு வனவியல் ஆய்வாளர் வேறு வழியில் போய், ஒரே சமன்பாட்டுக்குள் அடுக்கையே உயரத்துக்குத் தக்கபடி மாறவிட்டார். ஒரே கூம்பு போதும் என்றால் இவ்வளவு பாடு எதற்கு?

என் பரிந்துரை 'சிறுத்தல் சமன்பாடு'. கடலூர்ப் பக்கம் சவுக்கு வெட்டுகிற இடத்தில் கழிகளை அடி ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் என்று அடுக்குவார்கள். கழியைக் கையால் தடவிக்கொண்டே போய், பாதியில் நிறுத்தி, "அடி நல்லா இருக்கு, ஆனா சீக்கிரம் சிறுத்துடுச்சு" என்பார்கள். அந்தச் 'சீக்கிரம்' இருக்கிறதே, அதுதான் சிறுத்தல் வீதம். அடி பெருத்து நுனி சிறுத்து என்று நாம் எல்லோருமே சொல்கிறோம், புதிதாக எதையும் ஒட்டவைக்க வேண்டியதில்லை.

இதே பெயருக்கு நம் பேச்சில் ஒரு அம்மா சொன்ன 'ஒடுக்க'த்தை வாசகர் அடக்குமுறை என்றுதான் முதலில் படிப்பார். 'குறுகல்' பரவாயில்லை, ஆனால் நீளம் குறைவதையும் அது குறிக்கும், உயரமும் விட்டமும் சேர்ந்து வரும் வாக்கியத்தில் குழப்பும்.

சொல்லை வாக்கியத்தில் போட்டுப் பார்ப்போம்: 'மார்புயர விட்டமும் மொத்த உயரமும் தெரிந்தால், 5 செ.மீ.க்குக் குறையாத கழி எத்தனை மீட்டருக்குக் கிடைக்கும் என்பதைச் சிறுத்தல் சமன்பாட்டால் மரத்தை வெட்டாமலே மதிப்பிடலாம்.' எனக்கு இடறவில்லை. மார்புயரம், அதாவது தரையிலிருந்து விட்டத்தை அளக்கும் உயரம், பல நாடுகளில் 1.3 மீட்டர், நம் நாட்டில் 1.37 மீட்டர். சொல் பொதுவாக இருக்கட்டும், எண்ணை ஒவ்வொரு இடத்திலும் எழுதிவிடுவோம். அப்புறம், விளக்கக் குறிப்பில் சவுக்கு, தைலமரம் மாதிரி நுனிவரை ஒற்றைத் தண்டாகப் போகும் மரங்களுக்கே இது நன்றாகப் பொருந்தும் என்று சேர்க்க வேண்டும். நம் ஊர் முந்திரி தாழவே கிளை பிரிந்துவிடும், அதில் எதைத் தண்டு என்று நுனிவரை அளப்பது?

கோசாக்கின் வகைக்கு 'மாறடுக்குச் சிறுத்தல் சமன்பாடு', மேக்ஸ், பர்க்கார்ட் வகைக்கு 'துண்டுச் சிறுத்தல் சமன்பாடு'. நீலாய்டுக்கு எனக்கு இன்னும் நல்ல சொல் அகப்படவில்லை. 'அடிவிரி திண்மம்' வரை வந்து நிற்கிறேன், வடிவியல் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

அன்புடன்,
கடலூரிலிருந்து