பாட்டியின் தையல் படத்தில் பழுப்புப் புள்ளிகள்: சிவப்பு நூல் சாயம் போகாமல் நீக்க வழி உண்டா?

நாகர்கோவிலில் எங்கள் வீட்டு முன்னறையைக் குடும்பத்தில் இருந்த பொருள்களைக் கொண்டே அலங்கரித்திருக்கிறோம். அவற்றுள் நான் உயிராக மதிப்பது, என் பாட்டி 1968இல் தம் திருமணத்துக்கு முன் வெள்ளை மேட்டி துணியில் (சிறு கட்டங்களாக நெய்த தையல் துணி) குறுக்குத் தையலாக இட்ட இணைமயில் படம். 2023 மார்ச்சில் பழைய தேக்குச் சன்னல் சட்டத்தில், பின்னால் ஒட்டுப்பலகை வைத்து, கண்ணாடி துணியைத் தொடும்படி நானே பொருத்தினேன். கண்ணாடிக்கும் ஆணிக்குமாக 380 ரூபாய்தான் ஆயிற்று.

சென்ற ஐப்பசி மழைக்குப் பின், மயிலின் கழுத்துக்குக் கீழே மிளகளவில் பழுப்புப் புள்ளிகள் தோன்றி, இப்போது பதினைந்துக்கு மேல் பரவியுள்ளன. பலகை பட்ட ஓரங்கள் மஞ்சளாகிவிட்டன. இலேசான பூசண வாடை உண்டு, துணி இற்றுப்போகவில்லை.

படத்தைப் பிரித்து நான்கு நாள் நிழலில் உலர்த்தி, மென்மையான தூரிகையால் துடைத்தேன். வாடை குறைந்தது, புள்ளிகள் அப்படியே இருக்கின்றன. சிவப்பு நூலின் பின்புறத்தில் ஈரப்பஞ்சை ஒற்றிப் பார்த்தபோது பஞ்சு இளஞ்சிவப்பானதால், தண்ணீரில் அலசத் துணியவில்லை. எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் வைக்கச் சிலர் சொன்னார்கள். அது நூலின் நிறத்தையும் வெளுத்துவிடும் என்பதால் செய்யவில்லை. உலர்சலவைக் கடையொன்றில் பொறுப்பேற்க மறுத்துவிட்டார்கள்.

சிவப்பு நூலின் சாயம் பரவாமல் இந்தப் பழுப்புப் புள்ளிகளை மட்டும் வீட்டிலேயே நீக்கிய அனுபவம் உள்ளவர்கள், எந்த முறையைக் கையாண்டீர்கள் என்று சொல்வீர்களா?